ஔந்த் மூன்றாம் மாடியில் சுழலாசுர வதம்

வாருங்கள் கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். காற்று எல்லோருக்கும் படுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். கையில் சுண்டல் இருக்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். போன் இருக்கிறவர்கள் மட்டும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பெரும்போரின் வரலாறு சொல்லப் போகிறேன். ரத்தம் சிந்தாத போர். கொஞ்சம் காபி மட்டும் சிந்தியது.

யானை முகத்தோனே, போற்றி! பூனா நகரத்து வீதியெல்லாம் டோல் தாஷா மேளம் அதிர, வெல்லமும் தேங்காயும் நிறைந்த கொழுக்கட்டை உண்டு களித்து, மழைநீர் புரளும் ஆற்றில் கரைந்துபோன களைப்பு இன்னும் தீராத உன்னை, அதற்குள் மறுபடி எழுப்புவதைப் பொறுத்தருள்வாய். வெள்ளைத் தாமரை அமர்ந்த கலைமகளே, போற்றி! நீ வீணை வைத்திருப்பவள்; வீணையின் நாதம் கேட்பவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்ற கவலை உனக்கு இருந்ததில்லை. அந்தக் கவலை இருந்த ஒரு வீட்டின் கதை இது. என் நாவில் வந்து உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே இராமல், சொல்லை ஓடவிடு.

வாழ்க மகாதேவன்! முளா, முட்டா என்னும் ஆறுகள் கைகோக்கும் நதிநகராம் பூனாவின் மேற்றிசைக் காவலன். ஔந்தில் வானளாவும் அடுக்குமாடிக் கோட்டையின் மூன்றாம் தளத்தைத் தன் குடைநிழலில் வைத்தாளும் கோமான். கட்கிப் படைக்கலத் தொழிற்சாலையில் வாலிபமெல்லாம் தரப்பரிசோதகராய் நின்று, மயிரிழையில் பாதி பிசகினாலும் 'ரிஜெக்ட்' என்று சிங்கநாதம் செய்து, பளபளக்கும் பித்தளைத் தோட்டாக் குப்பிகளைக் கூடை கூடையாகக் கழித்துத் தள்ளிய கூர்விழிக் கொற்றவன். ஓய்வுபெற்ற பின்பும் கழிப்பதை விடாமல், காய்காரன் கொண்டுவரும் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக முனை ஒடித்துப் பார்க்கும் நீதிமான். மகள் கழித்துப்போட்ட, 'ர' என்ற விசை விழுந்துபோன மடிக்கணினியைப் போர்வாளாகத் தாங்கிய தடக்கையன். அன்னாரின் புகழை முழுவதும் சொல்வதென்றால் சுண்டல் ஆறிவிடும். மேலே போகலாம்.

இந்த மாவீரருக்கு வாய்த்த பகைவன் யார் தெரியுமா கண்ணுகளா? தேவருக்கும் முனிவருக்கும் தெரியாதவன். உருவம் வெறும் வட்டம். கையில்லை, காலில்லை, வாயில்லை. திரையின் நடுவே தோன்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அவன் செய்யும் அக்கிரமம். அவன் சுற்றத் தொடங்கினால் பேசுகிறவர் பேச்சு நிற்கும், சிரிக்கிறவர் சிரிப்பு பல்லோடு உறையும், காலம் தன் பாதையில் கால் மடக்கி உட்கார்ந்துவிடும். சுழலாசுரன் என்று அவனுக்குப் பேர் வைப்போம். நெட் மெதுவாக இருக்கிற எந்த வீட்டிலும் அவன் குடியிருப்பான்.

அவன் இழைத்த கொடுமையைக் கேளுங்கள். நவராத்திரி மாலைகளில் இந்தக் குடும்பத்தின் கிளைகளெல்லாம், சென்னை, கோயம்புத்தூர், துபாய், நம் ஊர்க் கோந்த்வா என்று எங்கிருந்தாலும், வீடியோ காலில் கூடி, நாளுக்கு ஒரு வீடாக முறைவைத்துப் பாடுவது வழக்கம். போன வருஷம் மகாதேவனின் மனைவி விசாலாக்ஷி, தன் கொலுவுக்கு முன்னால் பட்டுப்புடவை சரசரக்க அமர்ந்து, தன் அம்மா சொல்லிக்கொடுத்த பழைய பாட்டு ஒன்றைப் பாடினாள். அனுபல்லவி முடிந்து குரல் மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, குயில் கிளை மாறுவதுபோல அடுத்த சுரத்துக்குத் தாவப் போன அந்த இடத்தில், சுழலாசுரன் வந்து நின்றான். பாடியவள் பாடிக்கொண்டேதான் இருந்தாள். பார்த்தவர்களுக்கோ, வாய் அகலத் திறந்து, ஒரு கண் மூடி, மறு கண் மேலே செருகி, கை காற்றில் தொங்க, அவள் உறைந்துபோய்த் தெரிந்தாள்.

கோந்த்வாவில் இருப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி அனந்தராமன். அவன் வீட்டு நெட்டோ காற்றை முந்தும். அந்தப் படத்தை அப்படியே பிடித்து, சுற்றிலும் கத்தரித்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக விட்டான் அந்தப் பாவி. அதன்பின் யாருக்குப் பல்வலி என்றாலும் விசாலாக்ஷியின் முகம். வெங்காய விலை ஏறினாலும் விசாலாக்ஷியின் முகம். காலை வணக்கத்துக்குக் கூடச் சூரியகாந்திப் பூவை விட்டுவிட்டு விசாலாக்ஷியின் முகம். முதல் தடவை அதைப் பார்த்தபோது மகாதேவனும் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தார். தாள் குலுங்கியது. விசாலாக்ஷி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் பாடவில்லை. ரசத்துக்குத் தாளிக்கும்போது கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. கடுகு மட்டும் வெடித்தது.

ஆகையால் இந்த வருஷம் முறை மறுபடி அவர்கள் வீட்டுக்கு வந்து, அதுவும் சரஸ்வதி பூஜை நாளாக அமைந்தபோது, அவள் சொன்னாள்:

"இங்க பாருங்கோ. நம்ம முறையாச்சேன்னு ஒரே ஒரு தடவை பாடறேன். இந்தத் தடவையும் நின்னுடுத்துன்னா, அப்பறம் ஜன்மத்துக்கும் என்னைப் பாடுன்னு யாரும் கேக்கப்படாது. நீங்களும்தான்."

அந்தச் சொல் மகாதேவனின் மார்பில் வேலாய்ப் பாய்ந்தது. அந்த வேலின் நுனியில் செய்தித்தாள் குலுங்கியது. எழுந்தார் ஏந்தல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வடக்கே குல்கர்ணி வீட்டுச் சுவரும் தெற்கே குளிர்சாதனப் பெட்டியும் எதிரொலிக்க முழங்கினார்: "எட்டுத் திக்கும் கேட்கட்டும்! இந்த வீட்டு நெட்டின் வேகத்தை நானே என் கையால் ஏற்றுவேன். அந்தச் சுழலும் வட்டத்தைத் திரையிலிருந்து துடைத்தெறியும் வரை காபியைத் தொடேன்!"

காபியைச் சற்று நேரத்தில் தொட்டார். டிகாஷன் வீணாகிவிடும் என்பதுதான் காரணம்.

போர்க்களத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவோம் கண்ணுகளா. அந்த வீட்டுக் கொலு சாதாரணக் கொலு இல்லை. மற்றவர்கள் பலகை அடுக்கியும் ரெடிமேட் ஸ்டாண்டு வாங்கியும் படி கட்டுவார்கள். மகாதேவனோ தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த கருநிற இரும்புப் பெட்டிகளால் கட்டுவார். ஒரு காலத்தில் வெடிமருந்து சுமந்த பெட்டிகள். யானை மிதித்தாலும் நசுங்காத கனம். ஈ நுழைய இடமில்லாத இணைப்பு. அவற்றை மலைபோல் அடுக்கி, மேலே பட்டு வேஷ்டி விரித்து, தலையாட்டிப் பொம்மையும், மளிகை விற்கும் செட்டியார் தம்பதியும், இடுப்பில் கை வைத்து நிற்கும் மராத்திச் சாமிகளான விட்டலனும் ரகுமாயியும் வீற்றிருக்கும் ஏழு படி. அந்த மலைக்குப் பின்னால், சுவரின் பிளக்குக்குப் பக்கத்தில், நாலு கொம்பு முளைத்த கருப்பு டப்பா ஒன்று இருக்கிறது. அதுதான் வீடு முழுவதுக்கும் நெட் கொடுக்கும் வைஃபை டப்பா.

கொலு கட்டிய அன்றே விசாலாக்ஷி சொன்னாள்: "அந்த டப்பாவை முதல்ல வெளியில எடுத்து வெச்சுட்டு அப்பறம் பெட்டியை அடுக்குங்கோளேன்."

"அலைக்கு இரும்பு என்ன, கல்லு என்ன? அது பாட்டுக்குப் போகும். எங்க ஃபேக்டரியில நான் பாக்காத இரும்பா?" என்றார் அவர்.

இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. அவர் வைத்துக்கொள்ளவில்லை. கொலு வைத்தாயிற்று என்றால் விஜயதசமி கழிந்து எடுக்கிற வரைக்கும் அந்தப் படியில் ஒரு துரும்பையும் நகர்த்தக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்; அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. வாசற்படி தாண்டி உள்ளே வந்தவர் எவராயினும், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையின் கொடியின்கீழ் சேர வேண்டும். "வீட்ல வைஃபை இருக்கறப்போ வெளி டேட்டா எதுக்கு? தீர்ந்துபோயிடாதா?" என்பது மன்னரின் ஆணை. வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் வருமுன் பாஸ்வேர்டு வரும்.

முதல் நாட்போர். தம் குருவாக அவர் வரித்துக்கொண்டது யூடியூபில் "தோஸ்தோ! தோஸ்தோ!" என்று இந்தியில் கூவும் ஓர் இளைஞனை. அவன் அருளியது இது: நாம் ஒரு பேரைத் தட்டினால் அதன் இருப்பிடத்தைத் தேடி எடுத்துத் தரும் வழிகாட்டி ஒருவன் இருக்கிறான், டி.என்.எஸ். என்பது அவன் நாமம். பழைய வழிகாட்டி சோம்பேறி. அவனை நீக்கிப் புதியவனை வைத்தால் நெட் பறக்கும். கேட்டார் மகாதேவன். கிழட்டுக் காவலனைக் கோட்டை வாசலிலிருந்து துரத்தும் இளவரசனைப்போல், கணினியின் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே உள்ளே புகுந்து, பழைய எண்களை அழித்துப் புதிய எண்களைப் பொறித்தார். பிறகு வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்தார். முள் நடுங்கியது. எழுந்தது. மதம் பிடித்த களிறு சங்கிலியை இழுப்பதுபோல் முன்னே பாய்ந்தது. பிறகு, பழைய இடத்துக்கு ஒரு நெல்லளவு தள்ளி, உட்கார்ந்துகொண்டது.

"ஏறிடுத்து!" என்று கர்ஜித்தார் வேந்தர்.

"எவ்வளவு?" என்றாள் விசாலாக்ஷி, புளி கரைத்தபடி.

"அளவா முக்கியம்? திசை சரியாயிருக்கா இல்லையா?"

கரைத்த புளியில் சக்கையைப் பிழிந்து எறிந்தாள் அவள்.

இரண்டாம் நாட்போர் இன்னும் பயங்கரமானது. வைஃபை அலைகள் செல்லும் தடங்கள் பல உண்டு. ஒரே தடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் நெருக்கியடித்தால் வேகம் குறையும் என்றான் தோஸ்து. உடனே மகாதேவன் தம் போர்க்கண்ணாடி வழியே எதிரிப் படைகளை எண்ணினார். அப்பப்பா, அந்த அணிவகுப்பை என்ன சொல்வேன்! 'குல்கர்ணி ஃபைவ் ஜி' என்ற பேரோடு நாலு கோட்டிலும் பச்சை எரிய நின்றது ஒரு பெரும்படை; 'பாட்டீல் வாடா' என்று மீசை முறுக்கியது இன்னொன்று; 'ஜோஷி கெஸ்ட்' விருந்தாளி வேஷத்தில் பதுங்கியது; 'பாஸ்வேர்ட் மாகு நகோ', அதாவது பாஸ்வேர்டு கேட்காதே என்று மராத்தியில் பேரிலேயே அறைந்துகொண்டு நின்றது ஐந்தாம் மாடிக் குறுநிலம் ஒன்று. இத்தனை பகைவரும் மொய்த்திருக்கும் நெடுஞ்சாலையை விட்டு, யாருமே நடமாடாத கடைசித் தடத்தைத் தேர்ந்து, அதில் தம் கொடியை நட்டார் மகாதேவன். யாரும் ஏன் அங்கே நடமாடவில்லை என்று கேட்க அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. சில பழைய கருவிகளுக்கு அந்தத் தடம் கண்ணுக்கே தெரியாது. சில புதுக் கருவிகளுக்கும்தான்.

அடுத்த அறைக் கதவு அறைந்து திறந்தது. நின்றாள் ப்ரீதி. மகாதேவனின் ஒரே மகள், ஹிஞ்சவடிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், பூனாவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழை அவசரத்துக்கு மட்டும் எடுப்பவள், அன்று அவசரம். காதில் ஹெட்போன் காளியின் குண்டலமாக ஊசலாட, அவள் வீசிய சொல்லம்புகள் இவை:

"பாபா! காய் கேலஸ் து? என்ன டச் பண்ணினே? லேப்டாப்ல நம்ம வைஃபை பேரே வரலை! கிளையன்ட் எதிர்ல டெமோ குடுத்துண்டிருந்தேன், பூரா கட்!"

"வேகம் ஏத்திண்டிருக்கேன்டி, குழந்தே."

"யாருக்கு ஏத்தறே? என் ரூம்ல மஸ்த் வந்துண்டிருந்தது! சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே டப்பா இருக்கு. ஹால்ல மட்டும்தான் வரலை. ஹால்ல அப்படி என்ன அடைச்சு வெச்சிருக்கேன்னு பாரு, பாபா, செட்டிங்கை விடு!"

கதவு மூடியது. கொலுவில் தலையாட்டிப் பொம்மை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. எல்லாம் காதில் விழுந்தது மகாதேவனுக்கு. மகளின் மராத்திக் கலப்பு மட்டும் மனசில் தங்கி, "இதுக்குத் தமிழ் டியூஷன் வெச்சிருக்கணும்" என்று வருந்தி, தடத்தைப் பழையபடி மாற்றிவைத்தார்.

மூன்றாம் நாள் தூது அனுப்பினார். அதாவது, நெட் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தார். வெகுநேரம் புல்லாங்குழல் ஊதிய பிறகு ஒரு பெண்குரல் இந்தியில் தேனொழுக விசாரித்தது: "சார், ரௌட்டர் குலி ஜகா மே ஹை நா?" டப்பா திறந்த இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்டாள் அந்தப் பெண், வேறொன்றுமில்லை. மகாதேவன் கொலுவைப் பார்த்தார். கொலுவில் விட்டலன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். இரும்புமலையின் ஓரத்தில், பட்டு வேஷ்டியின் மடிப்புக்குள், ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டிக் கண் சிமிட்டி உள்ளிருந்து கெஞ்சியது.

"ஹான் ஜி, ஏக்தம் குலி ஜகா," என்றார் தரப்பரிசோதகர்.

"ஏக் பார் ஆஃப் கர்கே ஆன் கீஜியே சார்."

ஒருமுறை அணைத்துப் போடவேண்டும் என்றால் மலைக்குப் பின்னால் தவழ்ந்து போகவேண்டும். மகாதேவன் இருந்த இடத்திலிருந்தபடியே காபியை ஆற்றினார், கொஞ்சம் வேஷ்டியில் சிந்தியது. பிறகு, "கர் தியா," செய்துவிட்டேன் என்றார். பொய்யா? போரில் அதற்கு ராஜதந்திரம் என்று பேர் கண்ணுகளா. சமையலறையிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்த சப்தம் மட்டும் கேட்டது. விசாலாக்ஷிக்குக் கை தவறி விழவில்லை.

இப்படி வழியெல்லாம் அடைபட்டு நின்ற வீரர், கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரித்துவிடும் அமைப்பு ஒன்று டப்பாவுக்குள் உண்டு. விசாலாக்ஷியின் போனுக்குப் பெரும்பங்கு, மற்றதுகளுக்கெல்லாம் சிறுபங்கு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. என்ன நேர்மையான எண்ணம், என்ன தாராளமான மனசு! மனைவியின் போனுக்கு அரசமரியாதையாக நூறு என்று எழுதினார். ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதவேண்டியது மெகா கணக்கா, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான கிலோ கணக்கா என்று பார்க்க மறந்தார். மயிரிழையில் பாதி பிசகினால் கழித்துத் தள்ளிய கண், ஆயிரம் மடங்கைக் கோட்டைவிட்டது. கடலைத் திருப்பிவிடுகிறேன் என்று சொல்லிச் சொட்டுமருந்து பாட்டிலைத் திறந்துவைத்தார். அன்று சாயங்காலம் விசாலாக்ஷியின் போனில் தங்கையின் பேத்தி பிறந்தநாள் படம் ஒன்று நெற்றி மட்டும் வந்து, புருவத்தில் நின்றுவிட்டது.

"இதை மாத்துங்கோ," என்றாள் அவள்.

மாற்றத்தான் போனார். ஆனால் பகைவர் புகாதபடி அன்று காலையில்தான் டப்பாவின் அமைப்புகளுக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டிருந்தார். 'ர' விசை விழுந்துபோன கணினியில், 'ர' வரவேண்டிய இடத்தில் விரலுக்கு அப்போது என்ன அகப்பட்டதோ! எத்தனை தட்டியும் திறக்கவில்லை. தாமே கட்டிய கோட்டைக்கு வெளியே, தாமே போட்ட பூட்டைப் பார்த்து நின்றார் மன்னர்.

விடிந்தது சரஸ்வதி பூஜை. சாலையெல்லாம் செண்டுமல்லி குவிந்து மஞ்சள் கடலாக, அடுக்குமாடிச் சொஸைட்டி வாசலில் ஆட்டோக்கள் மாலை சூடி மாப்பிள்ளைகளாக நிற்க, பூனா நகரம் நாளைய தசராவுக்கு அலங்கரித்துக்கொண்டது. விசாலாக்ஷி கொலுவின் முன்னே மணை போட்டாள், புத்தகங்களை அடுக்கினாள், அப்பா வாங்கித் தந்த சுருதிப்பெட்டியை வைத்தாள், பிறகு நேரே வந்து, கடைசிக்கட்ட யுத்த ஆலோசனையில் இருந்த மகாதேவனின் மடியிலிருந்து மடிக்கணினியை எடுத்து, மூடி, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, புத்தகங்களின் மேல் வைத்துவிட்டாள்.

"விசாலம்! என்ன இது?"

"ஆயுத பூஜை. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கலாம். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார் மகாதேவன். தொழிற்சாலையில் இதே நாளில் கடைசல் எந்திரத்துக்கும் அளவுகோலுக்கும் அவரே பொட்டு வைத்து, 'ஒரு திருகாணியையும் யாரும் திருப்பக்கூடாது' என்று கட்டளையிட்டவர். நிராயுதபாணியானார் வீரர். சாயங்காலம் நெருங்கியது. அப்போது தோஸ்துவின் இறுதி உபதேசம் நினைவுக்கு வந்தது: எல்லாம் கைவிட்டால், டப்பாவின் முதுகில் ஊசித்துளை ஒன்று இருக்கும், அதில் குத்தினால், செய்த பிழையெல்லாம் அழிந்து அது புதிதாய்ப் பிறக்கும். சுற்றுமுற்றும் பார்த்தார். விசாலாக்ஷி பூஜையில் வைக்க மறந்த ஒரே ஆயுதம் ஜன்னல் கம்பியில் தொங்கியது. ஊக்கு.

அதை எடுத்துப் பல்லில் கடித்து, வேஷ்டியை வரிந்து கட்டி, சுவருக்கும் இரும்புமலைக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்தார் மகாதேவன். மலைக்குகைக்குள் நுழையும் வேங்கையென்று சொல்ல ஆசைதான். ஆனால் வேங்கைக்குத் தொப்பை இல்லை. முழங்கால் தேய, முதுகு இரும்பில் உரச, தலைமேல் செட்டியாரின் மளிகைக்கடை ஆட, மூச்சை அடக்கி முன்னேறினார். கால்கள் வெளியே. உடல் இருளில். கை நீட்டிய இடத்தில் டப்பா.

அங்கேதான், கண்ணுகளா, அவர் அதைக் கண்டார். இந்தப் பக்கம் இரும்பு. அந்தப் பக்கம் இரும்பு. மேலே இரும்பு. நடுவில், கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியைப்போல், நாலு கொம்பையும் தூக்கிக்கொண்டு, பச்சை விளக்கு கண்சிமிட்ட, அந்த டப்பா. அலை இந்தச் சுவரைத் தாண்டி ஹாலுக்கு எப்படி வரும்? மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. சேவை எண்ணில் கேட்ட பெண் நினைவுக்கு வந்தாள். அதற்கும் முன்னால், பெட்டியை அடுக்கிய அன்று, அவரைவிடச் சின்னக் குரலில் ஒருத்தி சொன்னது நினைவுக்கு வந்தது. போன வருஷமும் இதே இரும்பு, இதே டப்பா. கொலு எடுத்த மறுநாள் நெட் தானாகச் சரியானபோது, 'நான் தட்டிவிட்டேன், சரியாயிடுத்து' என்று அவரே பறைசாற்றியதும் நினைவுக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் பித்தளையைக் கழித்தவர் முதல்முறையாகத் தம்மைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "ரிஜெக்ட்."

டப்பாவை வெளியே இழுக்கலாமா? மின்கம்பி பெட்டிக்கு அடியில். பெட்டியை அசைத்தால் ஏழு படியும் தலையில். அசைக்கவும் கூடாது, கொலு.

அந்தக் கணத்தில் வெளியே காலம் நெருங்கிவிட்டது. புடவை சரசரத்தது. போனில் சென்னையும் துபாயும் வணக்கம் சொல்லும் குரல்கள். அவற்றுக்கு மேலே கோந்த்வாவின் குரல்:

"என்னக்கா, இந்தத் தடவையாவது நெட் இருக்கோன்னோ? இல்லே, புது ஸ்டிக்கருக்குக் கத்திரிக்கோலை எடுத்து வெச்சுக்கட்டுமா?"

"வாயை மூடிண்டு கேளுடா, அனந்தா."

"அத்திம்பேர் எங்க?"

"யுத்தத்துல இருக்கார்," என்றாள் விசாலாக்ஷி.

இனித் தாமதிக்க நேரமில்லை. இருளில் ஊசித்துளையைத் தடவிக் கண்டார் மகாதேவன். "கலைமகளே! நான் செய்த பிழை நான் அறிவேன். அவள் குரலை மட்டும் நிறுத்திவிடாதே!" என்று, யாருக்கும் கேட்காத பிரகடனம் ஒன்று செய்து, விருத்திரன்மேல் இந்திரன் வச்சிராயுதத்தைச் செலுத்தியதுபோல், ஊக்கைச் செலுத்தினார். பச்சை அணைந்தது. எல்லாம் இருண்டது. பிறகு ஒரு சிவப்பு விளக்கு, அப்போதுதான் பிறந்த குழந்தையின் முகம்போல, சுருங்கிச் சுருங்கி எரிந்தது.

விசாலாக்ஷி பாடினாள்.

பல்லவி போயிற்று. நிற்கவில்லை. அனுபல்லவி. நிற்கவில்லை. முதலில் துருப்பிடித்தாற்போல் இருந்த குரல், போகப் போகத் துலங்கி, இரும்புப் பெட்டிகளே தம்பூராக்களாய் ரீங்கரிக்க, மேலே ஏறியது. போன வருஷம் உறைந்த உச்சி வந்தது. இருளுக்குள் மகாதேவன் மூச்சை நிறுத்தினார். அங்கே ஒரு கணம் நின்றாள். அது அவளே நின்ற நிலை. பிறகு தாவினாள், பற்றினாள், இறங்கினாள், சிட்டை சிட்டையாகக் கொட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது தூசியால்தான் என்று மகாதேவன் பின்னால் எல்லோரிடமும் விளக்கம் சொன்னார். பாட்டு முடிந்ததும் நாலு ஊரும் ஒரே நேரத்தில் கைதட்டியது. ஒரு கைதட்டல் கூடத் தாமதமாக வரவில்லை.

மலைக்குப் பின்னிருந்து, தலையில் சிலந்திவலை மணிமுடியாக, முழங்காலில் கருமை வீரக்கழலாக, பின்னோக்கித் தவழ்ந்து வெளிப்பட்டார் வெற்றிவேந்தர். போன் திரையில் நாலு ஊரையும் நோக்கி ஊக்கை உயர்த்தி முழங்கினார்: "கண்டீரா! வீழ்ந்தான் சுழலாசுரன்! ஒரே குத்து!"

நாலு ஊரும் சிரித்தது. பாட்டு நெடுகக் கொலுவின் ஓரத்தில், செட்டியார் கடைக்குக் கீழே, இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டு, தாளம் போடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனந்தராமன் கத்திரிக்கோலை வீணாக்கவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டுக்குள் குடும்பத்தில் புது ஸ்டிக்கர் வந்துவிட்டது: அத்திம்பேரின் கால்கள். பல்வலிக்கும் கால், வெங்காயத்துக்கும் கால், காலை வணக்கத்துக்கும் கால். விசாலாக்ஷியின் பழைய முகத்தை அதன்பின் யாரும் அனுப்பவில்லை. அவளே அந்தக் கால்களை முதலில் தம்பிக்கு அனுப்பினாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் ரசத்துக்குத் தாளித்தாள், கடுகு வெடித்தது, கூடவே ஒரு முணுமுணுப்பும் கேட்டது. செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகாதேவன் அதைக் கேட்டுக்கொண்டே, தாளைத் திருப்பாமல், ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார்.

அப்போது ப்ரீதி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாபா, காய் ஜாலா? வைஃபை பூரா போயிடுத்து. ஆறு மணிலேர்ந்து நெட்டே இல்லை."

"அதெப்படி? அம்மா பாடினாளே!"

விசாலாக்ஷி பாட உட்காரும் முன்பே தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டிருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. எழுந்திருங்கள், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு செல்வமும் பாலும் பழமும் நிறைந்த உங்கள் வீடுகளில் கொலு குறையாமல் நிற்கட்டும். பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும், கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கட்டும். சொல்கிறவள் சொல்லும்போதே காதில் வாங்கும் கணவன்மார் பெருகட்டும். உங்கள் திரைகளில் எந்த வட்டமும் சுற்றாமல், உங்கள் பேச்சும் பாட்டும் போகவேண்டியவரிடம் போகவேண்டிய நேரத்தில் போய்ச் சேரட்டும்.

பெட்டியை அடுக்குவதற்கு முன்னால் அந்த டப்பாவை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.